கிட்டப் பக்கம்

தென்மலை அடிவாரத்திலிருந்து கோவிந்தாபுரத்துப் பக்கம் இறங்கி வரும் ஓடைகளில், பெருமழை ஓய்ந்த மறுநாள் போய்ப் பார்த்தால், மணல் திட்டுகளின் வளைவில் கண்ணுக்கு மை தீட்டினாற்போல் கறுப்புக் கோடு கிடக்கும். கருமணல் என்பார்கள். காந்தத்தை நீட்டினால் எறும்பு மொய்த்ததுபோல் வந்து ஒட்டிக்கொள்ளும். எங்கள் பக்கத்து இரும்பெல்லாம் ஒரு காலத்தில் இதிலிருந்துதான் வந்தது. இந்தக் கறுப்புக் கோட்டைத் தேடி நடந்தும், அள்ளியும், கழுவியும் ஆயுசைக் கழித்தவள் மருதாத்தாள். போன தை மாசம் செம்மணாம்பதியில் காலமானாள். அவளே பலமுறை என்னிடம் சொன்னதையும், அவள் சாவுக்குப் போய்வந்த பிறகு என் தகப்பனாராகிய ஐயன் வாய் திறந்து சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். எங்கள் வளவில் பி.ஏ. வரை போனவன் நான் ஒருவன்தான். நான் எழுதாவிட்டால் அவளைப் பற்றி எழுத வேறு ஆள் இல்லை.

மருதாத்தாள் பிறந்ததும் செம்மணாம்பதியில்தான். அவள் அப்பன் இரும்பு உலை வைத்திருந்தவர். தாது வருஷப் பஞ்சத்தில் தாய் போய்விட்டாள். அதிலிருந்து அப்பன் உலைக்கு மணல் கழுவியது இவள்தான். கழுவுவதற்கு மரவை என்று நடுவில் குழிந்த மரத்தட்டு உண்டு. முழங்கால் தண்ணீரில் நின்று, மரவையில் மணலை அள்ளி, மணிக்கட்டை மட்டும் அசைத்துச் சுழற்ற வேண்டும். வெள்ளை மணல் லேசு. தண்ணீரோடு விளிம்பு தாண்டிப் போய்விடும். கருமணல் கனம், அடியில் தங்கும். வேகம் கூடினால் கறுப்பும் சேர்ந்து போகும். வேகம் குறைந்தால் வெள்ளை தங்கிவிடும். மருதாத்தாள் கழுவிக் கொட்டிய குவியலில் வெள்ளைப் பொடி ஒன்றைக் காட்டச் சொல்லி ஆசாரிமார் வேடிக்கைக்குப் பந்தயம் கட்டுவார்களாம். ஒருவரும் காட்டியதில்லை.

எங்கள் பக்கம் கழுவுகிறவளைப் பேர் சொல்லிப் பேசமாட்டார்கள். கையைச் சொல்லித்தான் பேசுவார்கள். 'அந்த உலைக்கு எந்த ஊர்க் கைங்க?' என்று கேட்பார்கள். நல்ல கை, சுமாரான கை என்று உண்டு. கழுவிய மணலில் கசடு நின்று, அதனால் இரும்பு கெட்டுக்கொண்டே வந்தால், 'கை மண்ணாச்சு' என்பார்கள். அந்தச் சொல் உறவுக் கூட்டத்தில் ஒருமுறை விழுந்துவிட்டால் போதும், அப்புறம் எந்த உலைக்காரனும் அந்தப் பெண்ணை ஓடையில் இறங்க விடமாட்டான். கட்டினவன் அவளோடு உறவைத் தீர்த்துவிட்டு வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டாலும், பிறந்த வீட்டார் வந்து ஏன் என்று கேட்க முடியாது.

கோவிந்தாபுரத்து உலைக்காரர் சென்னியப்பனுக்கு மருதாத்தாளைப் பெண் கேட்டு வந்தபோது, வந்தவர்கள் வாசலிலேயே சொல்லிவிட்டார்கள்.

"பொண்ணைப் பாக்க வரலீங்க. கையைப் பாக்க வந்தோம்."

"அப்படீங்களா? கையை மட்டும் வெட்டிக் குடுத்துட்டாப் போதுமுங்களா?" என்றாராம் அப்பன்.

எல்லாரும் சிரித்தார்கள். கல்யாணம் முடிந்தது.

சென்னியப்பன் அதிர்ந்து பேசாத மனுஷன். ஆளை அதட்டியதில்லை, மாட்டைக்கூட அடித்ததில்லை என்று என் ஐயன் சொல்வார். ஐயன் அந்த உலையில் துருத்தி ஊதியவர். பெண்டாட்டியைச் சென்னியப்பன் 'அம்மிணி' என்றுதான் கூப்பிடுவார். ஓடையிலிருந்து அவள் தலைச்சுமையாக மணல் கொண்டுவந்தால் பாதிவழி வந்து இறக்கிக்கொள்வார். பாதிவழிதான், அதற்குமேல் அவள் போகக் கூடாது. கழுவுகிறவள் நீர்ப்பக்கம், உலைக்காரன் தீப்பக்கம். உலை எரியும்போது பெண்டுகள் தீப்பக்கம் வந்தால் இரும்பு திரண்டு வராது என்று ஒரு கட்டுப்பாடு. ஆகவே வருஷக்கணக்காக மணல் கழுவியும், உலையிலிருந்து இரும்பு எடுப்பதை மருதாத்தாள் கண்ணால் பார்த்ததே கிடையாது.

அது எப்படி என்று நான் சொல்கிறேன், ஏனென்றால் நடந்தது விளங்க வேண்டுமானால் அது தெரிந்திருக்க வேண்டும்.

நெஞ்சளவு உயரத்தில் களிமண் உலை. கரியும் கருமணலும் மாற்றி மாற்றிப் போட்டு, ஒரு பக்கத்தில் தோல் துருத்தி வைத்து ஊதுவார்கள். இரும்பு அந்தச் சூட்டில் தண்ணீராக உருகிவிடாது. கஞ்சி வற்றிய சோறுபோல் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகச் சேரும். மணலில் தங்கிப்போன கசடும், உலைமண்ணும், சாம்பலும்தான் உருகிக் குழம்பாகும். அந்தக் குழம்புக்குக் கிட்டம் என்று பேர். துருத்திக்கு எதிர்ப்பக்கம் அடியில் ஒரு துளை இருக்கும். கிட்டம் அதன் வழியாக ஓடி வெளியே வந்து கண்ணாடிபோல் இறுகும். நான் கல்லூரியில் படித்த ரசாயனப் புத்தகமும் இதைத்தான் சொல்கிறது: சிலிகா என்கிற வெண்மணல் சேர்ந்து உருகி, கசடாகப் பிரிந்து போகிறது என்று.

ஆனால் எல்லாக் கிட்டமும் ஓடிவிடுவதில்லை. துருத்திக் காற்று நேரே அடிக்கும் பக்கம் சூடு மிகுதி. அங்கே கட்டி சுத்தமாக இருக்கும். துளைப் பக்கம் சூடு கம்மி. ஓடி வந்ததில் கடைசிக் கிட்டம் அங்கேயே தேங்கி இரும்போடு இறுகிவிடும். எவ்வளவு நல்ல கை கழுவிய மணலானாலும் கட்டிக்கு இந்த இரண்டு பக்கமும் உண்டு. ஒன்று காற்றுப் பக்கம், மற்றது கிட்டப் பக்கம். கிட்டப் பக்கத்தை ஆசாரி தன் பட்டறையில் காய்ச்சி அடித்துக் கழித்துக்கொள்வார். அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை.

உலையை உடைத்துக் கட்டியை எடுத்ததும், செக்கச்செவேல் என்று இருக்கும்போதே மரச் சம்மட்டியால் சுற்றிலும் அடித்து உருட்டுவார்கள். பிறகு உலைக்காரன் அதைக் குறட்டால் பிடித்துக் கல்மேல் வைப்பான், காற்றுப் பக்கம் மேலாக. ஒருவர் கோடாலியால் ஓங்கிப் பாதி ஆழத்துக்கு வெட்டுவார். கட்டி வாயைப் பிளந்துகொள்ளும். அந்த வாயைப் பார்த்துத்தான் ஆசாரி எடுப்பார். வாய் உடைத்த கற்கண்டுபோல் இருந்தால் ஏர்க்கொழு அடிக்க ஆகும். கறுப்புக் கறுப்பாகப் பப்பாளி விதைபோல் கிட்டம் தெரிந்தால் ஆணிக்கும் லாடத்துக்கும்தான். வெட்டுகிறவர் உலையில் பங்கு இல்லாத ஆளாக, சம்பந்தி வகையில் ஒருவராக இருக்க வேண்டும் என்று முறை. தன் சரக்கைத் தானே வெட்டித் தானே நல்லதென்று சொன்னதாக ஆகக் கூடாதல்லவா?

ஆறின பிறகு கட்டி முழுக்கச் சாம்பல் படிந்து ஒரே உருண்டைதான். ஆசாரி வாயைப் பார்ப்பார்; எந்தப் பக்கம் மேலாக வைத்து வெட்டினீர்கள் என்று கேட்கமாட்டார். கேட்கத் தோன்றாது. தன் பண்டத்தின் கெட்ட பக்கத்தைத் தானே எடுத்து மேலே வைப்பவன் உலகத்தில் உண்டா?

சென்னியப்பனுடைய உலைக்கு வெட்டுக்காரர் பொங்கியண்ணன். சென்னியப்பனின் அக்காள் மயிலாத்தாளைக் கட்டியவர். வாய்க்கால் ஓரம் நிலமும் மாடும் உள்ள குடும்பம். வாய் ஓயாமல் பேசுகிறவர், கெக்கலித்துச் சிரிக்கிறவர். மருதாத்தாள் அவரை 'அண்ணா' என்று கூப்பிடுவாள். அவருக்குச் சின்னத்தாயி என்று ஒரு தங்கை. மலைக்கு அந்தப் பக்கம், கம்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தவள். அங்கே ஒத்துவராமல், முறைப்படி தீர்த்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கே திரும்பிவிட்டாள். அவள் பங்குக்கென்று அப்பன் எழுதி வைத்த வயல் ஒன்று இருந்தது. எங்கள் சாதியில் இரண்டாவது தாலி தடையில்லை.

அவள் வந்த வருஷம்தான் கட்டிகளின் வாய் கெட ஆரம்பித்தது.

முதல் கட்டியைப் பார்த்த மாரப்ப ஆசாரி கையில் எடுத்துச் சூரியனுக்கு நேரே சாய்த்துப் பார்த்துவிட்டு, "என்ன சென்னியப்பா, இரும்பு கேட்டா எள்ளுருண்டை குடுக்கறே?" என்றார்.

அடுத்ததும் அப்படி. அதற்கடுத்ததும்.

"இதுல கொழு அடிச்சுக் குடுத்தா, குடியானவன் மாட்டை அவுத்துட்டு என்னைய ஏர்ல பூட்டிப் போடுவான். உன்ர ஊட்ல கழுவறது ஆரு, அதே கைதானா?"

"அதே கைதானுங்க" என்றார் சென்னியப்பன்.

வேறு எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, ஆசாரி கேட்டதை மட்டும் சொன்னார். மருதாத்தாள் பதறிப்போனாள். "என்ர மணல்ல கசடே இல்லீங்களே!" என்றாள். "எனக்குத் தெரியும் அம்மிணி" என்றார் அவர். "ஆனா வாயில தெரியுதே. நான் என்ன பண்ணட்டும்?"

அவள் மேலும் கழுவினாள். முன்பு மத்தியானத்துக்குள் முடிக்கிற வேலை பொழுது சாயும்வரை போயிற்று. விரல் இடுக்கெல்லாம் தண்ணீரில் ஊறி வெடித்தது. விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு மறுபடி இறங்கினாள். அடுத்த திட்டில் துணி துவைக்க வந்த நாத்தனார் மயிலாத்தாள் சும்மா இருப்பாளா?

"ஏம்புள்ள, மணல் கழுவறயா, இல்ல தொட்டில்ல போட்டு ஆட்டறயா?"

"ஆட்டித்தான் பாக்கறேனுங்க நங்கையா. தூங்க மாட்டீங்குது" என்றாள் மருதாத்தாள்.

"ஆட்டற கையே தூங்கினா மணல் எங்க தூங்கும்? உங்கப்பன் ஊட்ல காட்டின கையை அங்கயே வெச்சுட்டு வந்துட்டயாட்ட இருக்குது."

அன்றைக்கு மருதாத்தாள் சிரித்துக்கொண்டுதான் பதில் சொன்னாள். ஆனால் ஊரில் அந்தச் சொல் கிளம்பிவிட்டது. இன்னும் கூட்டத்தில் விழவில்லை. கிணற்றடியில் மட்டும் நடமாடியது. 'கை மண்ணாயிட்டு வருதாமா.' மாசி மாசத்து உலைக்கு உறவுக்காரர்களை வரவழைத்து, ஆசாரியையும் வைத்துக்கொண்டு, அந்தக் கட்டியின் வாயைப் பார்த்துத் தீர்மானம் சொல்வது என்று முடிவாயிற்று. அந்த வாயிலும் கிட்டம் இருந்தால் மருதாத்தாள் மரவையைக் கீழே வைத்துவிட வேண்டும். அப்புறம் இந்த உலையிலும் இல்லை, எந்த உலையிலும் இல்லை. கழுவுவதைத் தவிர வேறு வேலை அவளுக்குத் தெரியாது. அப்பனும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அதற்கு முந்தின உலைக்குத்தான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். ஒரு சுமை மணலை வேண்டுமென்றே அரைகுறையாகக் கழுவினாள். கண்ணுக்குத் தெரிகிற வெள்ளையோடு கொண்டுபோய் இறக்கினாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கட்டி வெந்து, வெட்டி, வீட்டுக்கு வந்தது. முன்பு ஆசாரி வேண்டாம் என்று தள்ளிய கட்டி ஒன்று மூலையில் கிடந்தது. அது அவள் விரல் வெடிக்கக் கழுவிய மணலில் வந்தது. இரண்டையும் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

இரண்டு வாயும் ஒரே மாதிரி இருந்தன.

"நான் கழுவினாலும் அதேதான், கழுவாட்டியும் அதேதான்னா, அப்புறம் என்ர கை அதுல எங்க இருக்குது சாமி?" என்று என்னிடம் கேட்டாள். அதைச் சொல்லும்போது கிழவியின் கண் அந்தக் கட்டியைப் பார்ப்பதுபோலவே இருக்கும்.

அரிவாள் நுனியால் சாம்பலைச் சுரண்டினாள். வாயை ஒட்டினாற்போலவே பச்சையும் கறுப்புமாகக் கண்ணாடிப் பூச்சு. அதில் கிட்டத் துளையின் களிமண் துணுக்கும் பிடித்திருந்தது. அவள் அப்பன் வீட்டுக் கட்டிகளில் கண்ணாடி ஒரு கோடியிலும் வாய் மறுகோடியிலும் இருக்கும். தீப்பக்கம் போகாவிட்டால் என்ன, ஆறின கட்டியைக் குழந்தையிலிருந்து தொட்டு விளையாடியவள் அவள். வாய் வெட்டியிருப்பது கிட்டப் பக்கத்தில்.

அவளுக்கு உடனே தோன்றியது பொங்கியண்ணன்தான். கோடாலி அவர் கையில். தங்கை அவர் வீட்டில். இவள் போனால் அவளைக் கொண்டுவந்து விடலாம்.

சென்னியப்பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"ஏனுங்க, அண்ணன் வேணும்னே கிட்டப் பக்கமாப் பாத்து வெட்றாருங்க."

அவர் கை கும்பாவிலேயே நின்றது. "ஆரு சொன்னா?"

"ஆரும் சொல்லலீங்க. கட்டியைச் சொரண்டிப் பாத்தேன்."

"மச்சான் அப்படிப் பண்ற ஆளில்ல அம்மிணி."

"தங்கச்சிக்கோசரம் பண்றாருங்க. உங்களுக்குப் புரியலீங்களா? நீங்க வெள்ளை மனசுக்காரரு."

சென்னியப்பன் கும்பாவில் இருந்ததை வழித்துச் சாப்பிட்டார். பிறகு, "வெளிய சொல்லிப் போடாத. உறவு அத்துப் போயிரும். நான் பக்குவமாப் பேசிக்கறேன்" என்றார். இன்னும் கொஞ்சம் புளித்தண்ணீர் ஊற்றச் சொன்னார்.

அவள் ஊற்றினாள். இந்த மனுஷனை நாலு பக்கமும் ஏமாற்றுகிறார்களே என்று அவர்மேல் இரக்கமாக இருந்ததாம். 'எனக்கு என்மேல வந்த எரக்கத்தவிட அவியமேல வந்த எரக்கம் ஜாஸ்தி' என்பாள்.

மாசி மாசத்து உலை. கணவாய்க் காற்று பனைகளைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. உறவுக்காரர்கள் வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். மாரப்ப ஆசாரி உலைக்குப் பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றார். பெண்டுகள் ஓடைக்கரையில். அந்த உலைக்கு மணலை மருதாத்தாள் எப்போதும்போல் நன்றாகக் கழுவிக் கொடுத்திருந்தாள். புருஷன் பேசிக்கொள்வார் என்று நம்பிக்கொண்டிருந்தாள். ஆனால் துருத்திச் சத்தம் நின்றதும் அவளால் அங்கே நிற்க முடியவில்லை. உலை உடையும் சத்தம் கேட்டது. சம்மட்டிச் சத்தம் கேட்டது. மரவையைப் போட்டுவிட்டுக் கரையேறினாள்.

"ஏய், எங்க போறே? போகாத!" என்று மயிலாத்தாள் கத்தினாள். மருதாத்தாள் அதற்குள் பாதிவழி எல்லைக் கல்லைத் தாண்டித் தீப்பக்கம் போய்விட்டாள்.

கட்டி கல்மேல் இருந்தது. சென்னியப்பன் குறட்டை விலக்கிக்கொண்டிருந்தார். பொங்கியண்ணன் கோடாலியைத் தூக்கிவிட்டார்.

"வெட்டாதீங்கண்ணா! திருப்பி வெய்யுங்க அதை!"

எல்லாரும் திகைத்துப்போனார்கள். வேப்பமரத்தடியிலிருந்து யாரோ, "பொம்பளை இங்க என்னத்துக்கு வந்தா?" என்றார்கள். சென்னியப்பன் மட்டும் மெதுவாக, "போ அம்மிணி. இங்க வரக் கூடாது" என்றார்.

"போறேனுங்க. திருப்பி வெச்சு வெட்டினா நானே போயிர்றேன். அதுலயும் கிட்டம் இருந்தா மரவையை ஒடச்சு அடுப்புல வெச்சிர்றேன்."

சென்னியப்பன் குறட்டைப் பிடித்தபடி நின்றார். நகரவில்லை.

"கட்டி ஆறுதப்பா" என்றார் ஆசாரி. "திருப்பித்தான் வெய்யேன், என்ன கொறஞ்சு போயிருது?"

அதற்கும் அவர் அசையவில்லை. ஆசாரிக்குப் பொறுமை போய்விட்டது. குறட்டைத் தானே பிடுங்கிக் கட்டியைப் புரட்டி வைத்தார். "வெட்டுங்க, பாக்கலாம்."

பொங்கியண்ணன் வெட்டினார். வாய் பிளந்தது. உள்ளே செவ்வொளி அடங்க அடங்க, ஒரு பொட்டுக் கறுப்பில்லாமல், பதமாகத் தெரிந்தது. ஆசாரி குனிந்து பார்த்தார். நிமிர்ந்து வெற்றிலையைத் துப்பினார்.

"இந்த வருசத்துக் கொழு பூராவும் இதுலயே அடிப்பேன்" என்றார். "இதையா மண்ணுக் கைன்னீங்க?"

மருதாத்தாள் பொங்கியண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, அண்ணான்னு உசுரா இருந்தேனே உங்ககிட்ட. உங்க தங்கச்சி வாழறதுக்கு என்ர கையை மண்ணாக்கப் பாத்தீங்களே, நீங்க நல்லா இருப்பீங்களா?"

பொங்கியண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. எப்போதும் சிரிக்கிற ஆள். கோடாலியைத் தரையில் ஊன்றினார்.

"அம்மிணி, பாத்துப் பேசு. நான் வெட்றவன். வெச்ச பக்கம் வெட்டினேன். வெச்சது ஆருன்னு கேளு."

அதுவரைக்கும் அந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றவே இல்லை. தீப்பக்கம் வந்து பார்த்திராதவள். கட்டியைக் குறட்டால் பிடித்து வைப்பது ஒரே ஒருவர்தான் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டாள். புருஷனைப் பார்த்தாள். அவர் தன் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க?" என்றாள்.

அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

மறுபடி பொங்கியண்ணனிடமே திரும்பினாள். இப்போது குரல் இறங்கிவிட்டது. "அது எந்தப் பக்கம்னு உங்களுக்குத் தெரியாதுங்களாண்ணா?"

"தெரியும்" என்றார் அவர். "எத்தனை வருசமா வெட்றேன்? தெரியாம இருக்குமா? மாப்பிள்ளை ஊட்டு விவகாரம், நம்ம தங்கச்சி சமாச்சாரம் வேற, நாம எதுக்கு வாயைத் திறக்கோணும்னு இருந்துட்டேன்."

சம்மட்டி அடித்தவர்களைப் பார்த்தாள். "உங்களுக்குங்க?" ஒருவன் தலைத்துண்டை அவிழ்த்து உதறிக் கட்டினான். துருத்திக்காரர்களைப் பார்த்தாள். "உங்களுக்குங்க ராக்கியப்பண்ணா?"

ராக்கியப்பன் என் ஐயன். அவர் துருத்தித் தோலில் கரித்தூசி தட்டிக்கொண்டிருந்தாராம். அவருக்கும் தெரியும். தீப்பக்கம் நின்ற எல்லாருக்கும் தெரியும். ஓடைக்கும் உலைக்கும் நடுவே கூப்பிடு தூரம்கூட இல்லை. அந்தத் தூரத்தை நடந்து போய் ஒரு வார்த்தை சொல்ல அத்தனை பேரில் ஒருவருக்கும் கால் வரவில்லை. நான் ஐயனிடம் ஏன் என்று கேட்டேன். "அவரு பொண்டாட்டி, அவரு கட்டி" என்றார். மேலே கேட்டால் எழுந்து போய்விட்டார்.

வேப்பமரத்தடியில் பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமினார். "சரி, கை நல்ல கைன்னு நிரூபணம் ஆயிருச்சில்ல? அதுக்குத்தானே வந்தோம்? ஊட்டுக்குப் போய்ப் பொழப்பைப் பாருங்க" என்றார். எல்லாரும் அப்பாடா என்று எழுந்தார்கள். எனக்கு இதில் ஆறாத விஷயம் இதுதான். கழுவுகிறவள் செய்யும் தப்புக்கு எங்கள் பேச்சில் ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரைச் சொல்லி ஒரு பெண்ணை ஓடையை விட்டே ஓட்டலாம். வைக்கிறவன் செய்யும் தப்புக்குப் பேரே இல்லை. பேர் இல்லாததால் தீர்மானமும் இல்லை, அபராதமும் இல்லை. ஆசாரி மட்டும் போகும்போது சென்னியப்பனிடம், "நட்டத்துக்கு வித்தாவது பொண்டாட்டியைத் தொலைக்கற வியாபாரியை இன்னைக்குத்தான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மருதாத்தாள் வீட்டுக்குப் போகவில்லை. ஓடைக்கு இறங்கி மரவையை எடுத்துக்கொண்டு, ஈரச் சேலையோடு செம்மணாம்பதிக்கு நடந்துவிட்டாள்.

அங்கே அப்பன் உலையை வேறொரு குடும்பம் எடுத்து நடத்திக்கொண்டிருந்தது. நல்ல கை வலிய வருகிறதே என்று அவர்களுக்குச் சந்தோஷம். அவள் ஒரு நிபந்தனை போட்டாள்: கட்டியைத் தன் கண் முன்னால்தான் வைத்து வெட்ட வேண்டும்.

"அதெப்படிங்க, பொம்பளை தீப்பக்கம் வாரது?"

"நான் வரலீங்க. தீயை இங்க கொண்டாங்க."

அவர்களுக்கு வேறு வழி இல்லை. அவள் கழுவிய மணலில் வந்த இரும்புக்கு ஆசாரிமார் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். அதிலிருந்து அந்த உலையில் மட்டும், சிவக்கச் சிவக்க இருக்கும் கட்டியை இரண்டு ஆள் குறட்டில் தூக்கிக்கொண்டு, 'வழி, வழி' என்று கத்தியபடி ஓடைக்கரைக்கு ஓடிவருவார்கள். அங்கே ஒரு கல் போட்டிருந்தது. வைப்பதற்கு முன்னால் அவளைப் பார்ப்பார்கள். அவள் தண்ணீரில் நின்றபடியே தலையசைத்த பிறகுதான் வைப்பார்கள். ஓடிவருகிற ஓட்டத்தில் காலில் பொறி தெறித்து, அவளை வாய்க்கு வந்தபடி திட்டுவார்களாம். அவள் கண்டுகொள்ள மாட்டாள்.

சின்னத்தாயியைப் பொங்கியண்ணன் சென்னியப்பனுக்குக் கொடுக்கவில்லை. "என்ர தங்கச்சியை எந்தப் பக்கம் திருப்பி வெப்பாரோ" என்று சந்தையில் வைத்தே சொன்னாராம். வெட்டுக்கும் அப்புறம் போகவில்லை.

ஒரு வருஷம் கழித்துச் சென்னியப்பன் செம்மணாம்பதிக்கு வந்தார். மருதாத்தாள் ஓடையில் நின்றிருந்தாள். அவர் கரையில் நின்று துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஊட்டுக்கு வா அம்மிணி."

அவள் கழுவிக்கொண்டே இருந்தாள்.

"நான் பண்ணினது சரின்னு சொல்லல. ஆனா யோசிச்சுப் பாரு. உன்ர கையை ஆசாரி சொன்னாரு, அக்கா சொன்னா, ஊரே சொல்லுச்சு. நான் ஒரு வார்த்தை உன்னையக் கொறை சொன்னதுண்டா?"

"இல்லீங்க" என்றாள் மருதாத்தாள். "நீங்க ஒண்ணுமே சொல்லலீங்க. சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். எனக்குத் தெரியும் அம்மிணின்னீங்க. அதைத்தானுங்க நான் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே போனார். பிறகு அவரும் வேறு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. உலையை நிறுத்திவிட்டு யாரோ ஒருவருடைய தோப்பில் காவல் இருந்தார். சாகும்வரை கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்: பெண்டாட்டியை நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை, அவளாகத்தான் போனாள் என்று. ஊரிலும் பலர் இன்றைக்கு வரைக்கும் அதை ஒப்புக்கொள்கிறார்கள். பாவம், சாதுவான மனுஷன் என்கிறார்கள். அவர் சொன்னது உண்மைதான். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கட்டியைத் திருப்பி வைத்தார், அவ்வளவுதான்.